இரண்டு மணி நேர ஹைவே பயணம்: முதல் முறை ஓட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நகரத்துக்குள் கை ஓரளவு பழகிவிட்டது. நெரிசலில் நிறுத்தி எடுக்கத் தெரிகிறது, ரிவர்ஸில் பார்க்கிங் போடவும் வந்துவிட்டது. இப்போது நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இன்னொரு நகரத்துக்கு நீங்களே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அந்த முதல் பயணத்துக்கு எப்படித் தயாராவது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஐந்நூறு கிலோமீட்டர் போகிறவர்கள் வண்டியைச் சரிபார்ப்பார்கள், முந்தின இரவு சீக்கிரம் படுப்பார்கள், வழியை உட்கார்ந்து பார்ப்பார்கள். நூற்றைம்பது கிலோமீட்டர் என்றால் "ரெண்டு மணி நேரம்தானே" என்று சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். ஆனால் இரண்டு பயணத்திலும் வேகம் ஒன்றுதான். டயர் வெடித்தாலும் கண் அசந்தாலும் நடக்கப்போவதும் ஒன்றுதான். குறுகிய பயணத்தில் இன்னொரு ஆபத்தும் கூடச் சேர்கிறது: அவசரம். காலையில் போய் மாலைக்குள் திரும்பிவிடலாம் என்று நேரத்தை இறுக்கிக் கட்டியிருப்போம். நடுவில் பத்து நிமிடம் தவறினால் அதை வேகத்தில் ஈடுகட்டத் தோன்றும். புதிதாக ஓட்டுபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான். அதனால் கீழே சொல்லும் ஏற்பாடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே நோக்கம்தான்: சாலையில் இருக்கும்போது அவசரப்பட உங்களுக்கு எந்தக் காரணமும் இருக்கக் கூடாது.

முதலில் நேரத்தை முடிவு செய்யுங்கள்

போய்ச் சேர வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். காலை 11 மணிக்கு அங்கே இருக்க வேண்டும், மேப் 2 மணி 10 நிமிடம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 8:50-க்குக் கிளம்பினால் போதும் என்று தோன்றும். போதாது. மேப் காட்டும் நேரம் எங்கும் நிற்காமல் ஓட்டினால் ஆகும் நேரம். வழியில் ஒரு இடத்தில் இறங்கி நிற்க 20 நிமிடம், போன இடத்தில் பார்க்கிங் தேடி நடந்து போய்ச் சேர 15 நிமிடம், எதிர்பாராத தடைக்கு 30 நிமிடம். மொத்தம் 3 மணி 15 நிமிடம் ஆகிறது. ஆக, 7:45-க்கு வண்டி நகர வேண்டும். கதவைப் பூட்டிக் கீழே இறங்கும் நேரம் அல்ல, சக்கரம் உருளும் நேரம். குடும்பத்தோடு போகிறீர்கள் என்றால் எல்லோரிடமும் 7:30 என்று சொல்லி வையுங்கள்.

மேப் பார்ப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. இரவு பத்து மணிக்கு வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் அது இரவு பத்து மணிப் போக்குவரத்தைத்தான் காட்டும். கிளம்பும் நாளையும் நேரத்தையும் தேர்வு செய்து பார்க்கும் வசதி பெரும்பாலான மேப் செயலிகளில் இருக்கிறது. அதில் பாருங்கள். இல்லையென்றால் ஒரு வாரம் முன்னதாக அதே கிழமையில், அதே நேரத்தில் ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நடுவில் இருக்கும் ஹைவே 120 கிலோமீட்டர் என்று கொள்வோம். மணிக்கு 80-ல் போனால் 90 நிமிடம். 100-ல் போனால் 72 நிமிடம். 120-ல் போனால் 60 நிமிடம். அதாவது 100-லிருந்து 120-க்கு ஏற்றுவதால் கிடைப்பது வெறும் 12 நிமிடம். அதற்குப் பதிலாக உங்கள் பிரேக் தூரம் 44 சதவீதம் கூடிவிடும். இரண்டு ஊர்களிலும் சேர்த்து ஊருக்குள் ஓட்ட வேண்டிய தூரம் 20 கிலோமீட்டர் என்றால், ஆபீஸ் நேர நெரிசலில் அது ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும். நெரிசலுக்கு முன்னால் கடந்துவிட்டால் அரை மணி நேரம் போதும். ஒரு மணி நேரம் முன்னால் எழுந்தால் கிடைக்கிற அரை மணி, 100-லிருந்து 120-க்கு ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் கிடைக்காது. புதியவர்கள் மனதில் பதிய வைத்துக்கொள்ள வேண்டிய முதல் கணக்கு இதுதான் என்பேன்.

வெயிலின் திசையையும் பாருங்கள். காலையில் கிழக்கு நோக்கிப் போய் மாலையில் மேற்கு நோக்கித் திரும்பினால் இரண்டு வேளையும் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். முன்னால் போகிற வண்டியின் பிரேக் விளக்குகூடத் தெரியாது. அப்படியான பாதை என்றால் சூரியன் கொஞ்சம் மேலே ஏறிய பிறகு கிளம்புங்கள், அல்லது திரும்பும் நேரத்தை மாற்றுங்கள். முடியாவிட்டால் கறுப்புக் கண்ணாடி வேண்டும், வண்டியின் முன்கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் துடைத்திருக்க வேண்டும். உள்பக்கம் படியும் மெல்லிய அழுக்குப் படலம் எதிர்வெயிலில்தான் வெள்ளையாகப் பரவித் தெரியும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் உங்களுக்கு வசதிதான். ஆனால் எதிரே வருகிறவருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். அப்போது பகலாக இருந்தாலும் விளக்கைப் போட்டு ஓட்டுவது நல்லது.

முதல் பயணத்தை முழுக்க முழுக்கப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள், போவதும் வருவதும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். மாலை வேலை இழுத்துக்கொண்டே போகும் என்று தெரிந்தால் இரவு தங்குவதற்கான ஏற்பாட்டோடு கிளம்புங்கள்.

வழியைப் படித்து வையுங்கள்

இரண்டு ஊர்களுக்கு நடுவே பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்கும். நடுவில் தடுப்பு வைத்துப் பிரித்த அகலமான சாலை ஒன்று, எதிரும் புதிருமாக வண்டிகள் ஓடும் இருவழிச் சாலை ஒன்று என்று இருந்தால், இருபது நிமிடம் கூட ஆனாலும் தடுப்பு உள்ள சாலையில் போங்கள். எதிர்ப்பக்கத்துக்கு ஏறி ஓவர்டேக் செய்ய வேண்டிய தேவையே அங்கே இல்லை. புதியவருக்கு அதைவிடப் பெரிய நிம்மதி வேறு கிடையாது.

அப்புறம், வழியை ஒரு தடவை விரலால் நகர்த்திப் பாருங்கள். குழப்பம் வரக்கூடிய இடங்கள் நாலைந்துதான் இருக்கும்: ஊரை விட்டு வெளியேறி ஹைவேயில் ஏறும் இடம், ஹைவே இரண்டாகப் பிரியும் இடம், புறவழிச்சாலை கிளம்பும் இடம், கடைசியில் இறங்க வேண்டிய இடம். ஒவ்வொன்றிலும் வழிகாட்டிப் பலகையில் எந்த ஊரின் பெயர் எழுதியிருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் போகும் ஊரின் பெயர் அதில் இல்லாமல் போகலாம். அதே திசையில் இன்னும் தள்ளி இருக்கும் பெரிய ஊரின் பெயரும் சாலை எண்ணும் மட்டும் இருக்கும். இது தெரியாமல்தான் பலர் கடைசி நொடியில் பாதை மாறுகிறார்கள். நடுவில் சிக்னல் போகும் என்பதால் அந்தப் பகுதியின் மேப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டும்போது மேப் திடீரென்று "இந்த வழியில் 4 நிமிடம் மிச்சம்" என்று ஊர்களுக்குள் திருப்பிவிடப் பார்க்கும். தெரியாத குறுக்கு வழியில் அந்த நான்கு நிமிடம் தேவையே இல்லை.

எங்கே நிற்பது என்பதையும் வீட்டிலேயே தேர்வு செய்யுங்கள். பாதி தூரத்தில், நீங்கள் போகும் திசையின் பக்கமாகவே இருக்கும் இடம். எதிர்ப்பக்கத்தில் இருக்கும் நல்ல இடத்துக்காக யூ-டர்ன் எடுத்துக் கடந்து போக வேண்டாம். சோர்வாக இல்லாவிட்டாலும் அங்கே நில்லுங்கள். தோன்றினால் நிற்கலாம் என்று விட்டால், ஓட்டத்தில் இருக்கும்போது யாருக்கும் நிற்கத் தோன்றாது.

எரிபொருள் முந்தின நாளே நிரப்பிவிடுங்கள். சுங்கச்சாவடி உள்ள பாதை என்றால் அங்கே எந்த முறையில் கட்டணம் வாங்குகிறார்கள் என்று பார்த்து, அதற்கான இருப்பைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மின்சார வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊருக்குள் கிடைக்கும் தூரம் ஹைவே வேகத்தில் கிடைக்காது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதும், ஊருக்குள் போல் அடிக்கடி பிரேக் பிடித்து பேட்டரிக்குத் திரும்ப மின்சாரம் சேர்க்க வாய்ப்பில்லாததும் காரணம். வேக சார்ஜரில் 80 சதவீதம் வரை விரைவாக ஏறும், அதற்குப் பிறகு மெதுவாகிவிடும். அதனால் வீட்டிலேயே முழுதாக ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள். வழியில் ஒன்றுக்கு இரண்டு சார்ஜர்களைக் குறித்து வையுங்கள். ஒன்று பழுதாகவோ வரிசையாகவோ இருக்கலாம்.

முந்தின நாள் வண்டியைப் பாருங்கள்

மற்ற எதைப் பார்க்க நேரம் இல்லாவிட்டாலும் டயரைப் பாருங்கள். வண்டி முழுவதும் சாலையைத் தொடுவது நான்கு உள்ளங்கை அளவு ரப்பரில்தான். பிரேக், ஸ்டீயரிங் எல்லாம் வேலை செய்வது அதன் வழியாகத்தான்.

எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ, பெட்ரோல் மூடியின் உள்பக்கத்திலோ ஒட்டியிருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து அடிக்கக் கூடாது. அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, உங்கள் வண்டிக்கான அளவு அல்ல. ஆட்களும் சாமானும் நிறைந்திருந்தால் அந்த ஸ்டிக்கரில் முழுச் சுமைக்கு என்று தனியாக ஒரு எண் இருக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும், அதாவது வண்டி சில மணி நேரம் நின்றிருக்க வேண்டும் அல்லது மூன்று நான்கு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகத்தான் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிடாதீர்கள். ஹைவேயில் டயர் வெடிக்க முக்கியக் காரணம் காற்று குறைவாக இருப்பதுதான். காற்று குறைந்தால் டயரின் பக்கவாட்டு ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிரும். வேகத்தில் அது சூடேறி உள் அடுக்குகள் பிரிந்துவிடும்.

டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறிய மேடுகள் இருக்கும். அவை 1.6 மில்லிமீட்டர் உயரம். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். மழைக்காலம் என்றால் அதற்கு முன்பே மாற்றுவது நல்லது. பக்கவாட்டில் நான்கு இலக்கம் கொண்ட தேதி எண் ஒன்றும் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பழைய வண்டியை வாங்கியிருந்தால் இதைப் பார்க்காமல் ஹைவேயில் ஏற்றாதீர்கள். பள்ளம் நிறைய இருந்தாலும் வயதான ரப்பர் இறுகி வெடிப்பு விட்டிருக்கும். ஸ்டெப்னியிலும் காற்று பாருங்கள். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் டிக்கியில் இருக்கின்றனவா என்று பாருங்கள், ஜாக்கியை எந்த இடத்தில் முட்டுக்கொடுப்பது என்று வண்டியின் கையேட்டில் படித்து வையுங்கள்.

மற்றவை பத்து நிமிட வேலை. எஞ்சின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், கண்ணாடி கழுவும் தண்ணீர் ஆகியவற்றின் அளவு. வைப்பர் கோடு விடாமல் துடைக்கிறதா. எல்லா விளக்கும் எரிகின்றனவா. பிரேக் விளக்கைப் பார்க்க ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள், ஆள் இல்லையென்றால் சுவரை ஒட்டி நிறுத்திப் பிரேக்கை மிதித்தால் சிவப்பு வெளிச்சம் சுவரில் தெரியும். உரிமம், வண்டியின் பதிவு, காப்பீடு ஆகியவற்றைக் கையோடு எடுத்து வையுங்கள்.

தூக்கம்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் யாருக்குத் தூக்கம் வரும் என்று நினைப்பார்கள். நன்றாகவே வரும். நேரான சாலை, ஒரே சத்தம், ஒரே வேகம், கைக்கும் காலுக்கும் வேலையில்லை. நகரத்தில் ஓட்டும்போது ஒவ்வொரு நொடியும் ஏதோ ஒன்று உங்களை எழுப்பிக்கொண்டிருந்தது. இங்கே அது இல்லை.

17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் எதிர்வினையும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காலை ஐந்து மணிக்கு எழுந்து, போய், நாள் முழுவதும் வேலை பார்த்து, இரவு பத்து மணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தால் அது சரியாக 17 மணி நேரம். சாதாரணமான ஒரு நாள்தான் அது, அதனால்தான் யாரும் அதை ஆபத்தாக நினைப்பதில்லை.

உடலின் கடிகாரப்படி தூக்கம் அதிகமாக இழுக்கும் வேளைகள் இரண்டு: நள்ளிரவு தாண்டி விடியும் வரை, பிறகு பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை. மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே ஸ்டீயரிங் பிடிப்பது இரண்டாவது வேளையில் நேராகப் போய் விழுவது. சளி, ஒவ்வாமைக்கு எடுக்கும் மாத்திரைகளில் பல தூக்கம் வரவழைப்பவை. அட்டையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு எடுங்கள்.

கடந்த இரண்டு மூன்று கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று நினைவில்லை, வண்டி மெல்லக் கோட்டைத் தாண்டுகிறது, அடிக்கடி கொட்டாவி, கண் எரிச்சல். இதில் ஒன்று வந்தாலும் அடுத்த பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிடுங்கள். ஜன்னலைத் திறப்பதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் சில நிமிடத்துக்கு மேல் உதவாது. உதவுவது இரண்டுதான். ஒரு காபியைக் குடித்துவிட்டு உடனே இருக்கையைச் சாய்த்து 15 முதல் 20 நிமிடம் தூங்குவது. காஃபின் வேலை செய்யத் தொடங்க ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும் என்பதால் எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். எழுந்தவுடன் ஓட்டாமல் சில நிமிடம் நடந்துவிட்டு ஏறுங்கள். இன்னொன்று, நன்றாக ஓட்டத் தெரிந்த வேறொருவரிடம் சாவியைக் கொடுப்பது. மணிக்கு 100-ல் போகும்போது நான்கு நொடி கண் மூடினால் 111 மீட்டர் ஓட்டுநர் இல்லாமலே வண்டி ஓடியிருக்கும்.

ஏறி உட்காரும்போது

கனமான பைகள் டிக்கியில், அடியில், இருக்கையின் முதுகை ஒட்டி இருக்கட்டும். பின்கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் பலகையில் எதையும் வைக்காதீர்கள். திடீர் பிரேக்கில் அது உள்ளே இருப்பவர்களின் தலையை நோக்கித்தான் பறக்கும். தண்ணீர் பாட்டிலை ஓட்டுநரின் காலடியில் உருள விடவே கூடாது. அது பிரேக் பெடலுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டால் மிதித்தாலும் பெடல் இறங்காது. கால்மிதி நகர்ந்து பெடலில் தட்டுகிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள்.

மார்புக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். தலைசாய்ப்பானின் மேல் விளிம்பு உங்கள் உச்சந்தலை மட்டத்துக்கு வர வேண்டும். பின்னாலிருந்து இடிபட்டால் கழுத்தைக் காப்பாற்றுவது அதுதான். சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றில் இல்லாமல் இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். பின்இருக்கையில் இருப்பவர்களும் கட்டாயம் போட வேண்டும். அவர்கள் போடாமல் இருந்தால் மோதலில் முன்இருக்கைக்காரர் மேல்தான் வந்து விழுவார்கள். குழந்தைகளை மடியில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு அல்ல. அந்த வேகத்தில் எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. அவர்களின் வயதுக்கும் உயரத்துக்கும் ஏற்ற குழந்தை இருக்கை வேண்டும். முன்பக்க ஏர்பேக் இயங்கும் இருக்கையில் பின்நோக்கிய குழந்தை இருக்கையை ஒருபோதும் வைக்காதீர்கள்.

மேப்பில் போகும் இடத்தைப் போடுவது, பாட்டுத் தேர்வு, ஏசி, கண்ணாடிகளின் கோணம் எல்லாம் வண்டி நிற்கும்போதே முடிந்துவிட வேண்டும். போன் தாங்கியில் இருக்கட்டும், அழைப்புகளைப் பக்கத்தில் இருப்பவர் பார்த்துக்கொள்ளட்டும். எந்த வழியில் போகிறீர்கள், எப்போது சேருவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ஹைவேயில் ஏறிய பிறகு

இணைப்புச் சாலையிலிருந்து ஹைவேயில் சேரும்போது புதியவர்கள் பயத்தில் வேகத்தைக் குறைத்து, சில நேரம் நின்றே விடுகிறார்கள். அந்த இணைப்புப் பாதை இருப்பதே வேகம் எடுப்பதற்காகத்தான். இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியில் பார்த்து, தலையைத் திருப்பியும் ஒரு தடவை பார்த்து, ஹைவேயில் ஓடும் வண்டிகளின் வேகத்துக்கு வந்து, இடைவெளியில் சேருங்கள். சேர்ந்ததும் மெதுவான வண்டிகளுக்கான பாதையிலேயே இருங்கள். முந்திச் செல்லும் பாதை முந்துவதற்கு மட்டும்.

முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் எவ்வளவு இடைவெளி? மீட்டர் கணக்கு கண்ணுக்கு வராது, நொடிக் கணக்கு வரும். முன்வண்டி ஒரு கம்பத்தையோ பலகையையோ கடக்கும்போது எண்ணத் தொடங்குங்கள். நீங்கள் அதே இடத்தைக் கடக்க மூன்று நொடியாவது ஆக வேண்டும். மழை என்றால் ஆறு. இடைவெளி விட்டால் யாராவது நடுவில் புகுந்துவிடுகிறார்களே என்றால், புகுந்துகொள்ளட்டும். மறுபடி மூன்று நொடிக்குப் பின்வாங்குங்கள். அதனால் உங்களுக்கு ஆகும் தாமதம் சில நொடிகள்.

அந்த மூன்று நொடி ஏன் என்று புரிய நிற்கும் தூரத்தைப் பாருங்கள். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆகும் என்று கொண்டால், நல்ல டயரும் காய்ந்த சாலையும் இருக்கும்போது மணிக்கு 60-ல் போகும் வண்டி நிற்க மொத்தம் 45 மீட்டர் ஆகும். 80-ல் ஏறக்குறைய 69 மீட்டர். 100-ல் ஏறக்குறைய 97 மீட்டர். வேகம் இரட்டிப்பானால் பிரேக் தூரம் நான்கு மடங்காகும். ஈரச் சாலையில் இன்னும் கூடும். இரவில் லோ பீம் விளக்கு தெளிவாகக் காட்டுவது அறுபது மீட்டர் அளவுக்குத்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். முதல் பயணம் பகலில் என்று வற்புறுத்தியது இதனால்தான்.

இருவழிச் சாலையில் போக வேண்டியிருந்தால் ஓவர்டேக் செய்யும் முன் இந்தக் கணக்கை ஒரு தடவை மனதில் ஓட்டுங்கள். லாரி 60-ல் போகிறது, நீங்கள் 80-ல் முந்துகிறீர்கள். பின்னால் 20 மீட்டர் இடைவெளியிலிருந்து தொடங்கி, லாரியின் 12 மீட்டர் நீளத்தைக் கடந்து, உங்கள் வண்டியின் 4 மீட்டரும் சேர்த்து, முன்னால் 20 மீட்டர் தள்ளி உள்ளே வர வேண்டும். கூட்டினால் 56 மீட்டர். உங்கள் இருவரின் வேக வித்தியாசம் நொடிக்கு ஐந்தரை மீட்டர்தான், ஆகவே பத்து நொடி ஆகும். அந்தப் பத்து நொடியில் நீங்கள் 220 மீட்டருக்கு மேல் போயிருப்பீர்கள். எதிரே 80-ல் வருகிறவரும் அதே அளவு உங்களை நோக்கி வந்திருப்பார். அப்படியென்றால் தொடங்கும்போது அரை கிலோமீட்டராவது வெறுமையாகத் தெரிய வேண்டும். வளைவு, மேட்டின் உச்சி, பாலம், சந்திப்பு எதிலும் அது தெரியாது. தெரியாவிட்டால் லாரிக்குப் பின்னாலேயே போங்கள். ஒட்டிப் போகாமல் தள்ளிப் போனால்தான் முன்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியும். லாரியின் பக்கக் கண்ணாடி உங்களுக்குத் தெரியவில்லையென்றால் அந்த ஓட்டுநருக்கு நீங்கள் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பத்து கிலோமீட்டர் 60-ல் போனால் 80-ல் போவதைவிட இரண்டரை நிமிடம்தான் தாமதம், அதற்குத்தான் காலையில் அரை மணி நேரத்தை ஒதுக்கி வைத்தீர்கள்.

மழை பிடித்தால் வேகத்தைக் குறைத்து லோ பீம் போடுங்கள். நீண்ட நாள் கழித்துப் பெய்யும் மழையின் முதல் சில நிமிடங்களில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு கலந்து அதிகமாக வழுக்கும். தேங்கிய தண்ணீரில் வேகமாக ஏறினால் டயர் சாலையை விட்டுத் தண்ணீரின் மேல் மிதக்கும், ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிடும். அப்போது பிரேக் அடிக்காமல், ஸ்டீயரிங்கை ஒடிக்காமல், ஆக்சிலரேட்டரிலிருந்து மட்டும் காலை மெல்ல எடுங்கள். ஹசார்டு விளக்கைப் போட்டுக்கொண்டே ஓட்ட வேண்டாம். நீங்கள் திரும்பப் போவதை யாருக்கும் காட்ட முடியாது. சாலை தெரியாத அளவுக்கு மழை கொட்டினால் ஹைவேயை விட்டு விலகி ஒரு நல்ல இடத்தில் நிறுத்திக் காத்திருங்கள். குரூஸ் கன்ட்ரோலை, அதாவது வண்டி தானாகவே ஒரே வேகத்தில் ஓடும் வசதியை, மழையில் பயன்படுத்த வேண்டாம்.

இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டால் அடுத்த இடம் வரை போய்த் திரும்பி வாருங்கள். ஹைவேயில் ரிவர்ஸ் எடுப்பதும் எதிர்த்திசையில் வருவதும் எந்தச் சூழ்நிலையிலும் கூடாது.

ஏதாவது நடந்துவிட்டால்

டயர் வெடித்தால் பெரிய சத்தம் வரும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து நேராக வையுங்கள். பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் தானாகக் குறையட்டும். குறைந்த பிறகு ஓரத்துக்கு வாருங்கள். எஞ்சின் சூடு முள் சிவப்புக்குப் போனால் ஏசியை அணைத்து ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்தால் கொதிக்கும் நீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.

வண்டி நின்றுவிட்டால் முடிந்தவரை சாலையை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள், ஹசார்டு விளக்கைப் போடுங்கள். எல்லோரும் போக்குவரத்து ஓடாத பக்கத்துக் கதவு வழியாக இறங்கி, ஓரத்துத் தடுப்பு இருந்தால் அதற்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். ஓரமாக நிறுத்திய வண்டிக்குள்ளோ அதன் பின்னாலோ நிற்பது மிக ஆபத்தானது. வேகமாக வண்டிகள் உரசிப் போகும் இடத்தில் நீங்களே டயர் மாற்ற முயல வேண்டாம், உதவிக்கு அழைத்துக் காத்திருங்கள். அழைக்கும்போது சாலையின் பெயர், போகும் திசை, பக்கத்தில் இருக்கும் கிலோமீட்டர் கல்லின் எண் மூன்றையும் சொன்னால் போதும், தேடி வந்துவிடுவார்கள். பல நாடுகளில் 112 அவசர எண்ணாக இருக்கிறது. உங்கள் பகுதியின் அவசர எண்ணையும், வண்டியின் காப்பீட்டில் சாலை உதவி இருந்தால் அந்த எண்ணையும் கிளம்பும் முன்பே போனில் சேமித்து வையுங்கள்.

ஊருக்குள் இறங்கும்போதும் திரும்பும்போதும்

ஒரு மணி நேரம் 90, 100-ல் ஓடிய கண்ணுக்கு 60 என்பது ஊர்வது போல் தெரியும். இறங்கு பாதையின் வளைவில் பலர் வேகமாகப் போய்விடுவது இதனால்தான். அங்கே உணர்வை நம்பாமல் வேகமானியைப் பாருங்கள். ஊருக்குள் நுழைந்ததும் நடந்து போகிறவர்கள், இரு சக்கர வண்டிகள், திடீரென்று திறக்கும் கதவுகள் எல்லாம் மறுபடி வந்துவிடும். முதல் பத்து நிமிடம் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டுங்கள்.

வண்டியை நிறுத்தியதும் நான்கு டயரையும் ஒரு சுற்று நடந்து பாருங்கள். எரிபொருள் திரும்பப் போதுமா என்று பார்த்து, போதாது என்றால் மாலை நெரிசலுக்கு முன்பே நிரப்பிவிடுங்கள். பிறகு திரும்புவதற்கும் காலையில் போட்ட அதே கணக்கைப் போடுங்கள்: இருட்டும் நேரத்திலிருந்து பின்னோக்கி. மாலை 6:30-க்கு இருட்டும் என்றால், நிற்கும் நேரமும் எதிர்பாராத அரை மணியும் சேர்த்து 3:30-க்கு வண்டி நகர வேண்டும். போனில் 3 மணிக்கு ஒரு அலாரம் வையுங்கள். உடன் இருப்பவர்களிடமும் பார்க்கப் போனவர்களிடமும் போனவுடனேயே இந்த நேரத்தைச் சொல்லிவிடுங்கள், கடைசி நேரத்தில் சொன்னால் யாரும் விட மாட்டார்கள். அதையும் மீறி 5 மணி ஆகிவிட்டால், அன்று இரவு அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் காலை வெளிச்சம் வந்த பிறகு கிளம்புங்கள்.